விக்டோரியா கப்பல் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

1519 செப்டம்பர் 20 அன்று ஸ்பெயினின் சான்லூக்கர் துறையிலிருந்து மெகல்லன் தலைமையில் ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. 1522 செப்டம்பர் 6 அன்று உலகைச் சுற்றி அதே துறைக்கு வந்து சேர்ந்தது விக்டோரியா மட்டுமே. அதில் இருந்தவர்கள் 18 பேர். அந்தப் பயணத்தைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி செய்தது உங்கள் உழைப்பு.

மாதிரிக் கப்பல் செய்த தச்சர் ஐயாவுக்கு முதல் வணக்கம். பலகை இடுக்கில் கயிற்று நாரை உளியால் இறுக்கிக் கீல் பூசும் வேலையை ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் பாதியில் நிறுத்திக் காட்டினார். மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவும் வெயிலில் சுருங்கும் பலகையும் சேர்ந்தால் தண்ணீர் எப்படி ஏறும் என்பது அதைப் பார்த்ததுமே விளங்கிவிடும். இன்றைய இந்தோனேசியாவில் உள்ள திதோரே தீவில், அந்த ஐந்தில் ஒன்றான டிரினிடாட் கப்பல் ஒழுகியபோது, அவ்வூர் முக்குளிப்பவர்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு மூழ்கினார்கள். ஓட்டைக்குள் நீர் இழுபடும் இடத்தில் முடியும் இழுபடும் என்பது அவர்கள் கணக்கு. அப்படியும் ஓட்டை அகப்படவில்லை. விக்டோரியா தனியே கிளம்பியது, அதுவும் சுமையால் பலகை பிளந்துவிடும் என்று அஞ்சி 60 குவிண்டால் (அன்றைய ஸ்பானிய அளவு) கிராம்பை இறக்கிவிட்டு.

வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பற்றிய பலகையை எழுதித் தந்த மருத்துவருக்கும் நன்றி. பசிபிக்கில் மூன்று மாதம் இருபது நாள் புதிய உணவே இல்லை. பாய் கட்டும் பருமலில் கயிறு தேயாதிருக்கச் சுற்றிய தோலை நான்கைந்து நாள் கடலில் ஊறவைத்து, தணலில் வாட்டித் தின்றார்கள். அதில் வைட்டமின் சி ஏது? அது இல்லாமல் உடலில் திசுக்களைப் பிணைக்கும் புரதமான கொலாஜன் சரியாக உருவாகாது. ஈறு வீங்கும், ஆறிய புண்ணும் திறக்கும். சோற்றுக்கு வழியிருந்தாலும் கீரை, பழம் இல்லாவிட்டால் இதே கதிதான் என்று அவர் எழுதிய வரி எங்களுக்கு மிகவும் பிடித்தது.

பூகோள உருண்டையும் ஒரு விளக்கும் வைத்து நாள் கணக்கை விளக்கிய இயற்பியல் ஆசிரியருக்குத் தனி நன்றி. 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவில் இறங்கியபோது கப்பல் குறிப்பில் புதன், கரையில் வியாழன். மேற்கே போகப்போக ஒவ்வொரு 15 பாகைக்கும் உள்ளூர் நேரம் ஒரு மணி பின்தங்கும்; முழுச் சுற்றுக்கு 24 மணி நேரம், அதாவது ஒரு நாள். குறிப்பெழுதியவர் எதையும் தவறவிடவில்லை.

"உலகைச் சுற்றி முடித்தவர் மெகல்லன்" என்ற வரி எந்தப் பலகையிலும் நுழையாமல் பார்த்துக்கொண்ட வரலாற்று ஆசிரியைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். மெகல்லன் 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் கொல்லப்பட்டார். விக்டோரியாவுக்குத் தலைமை தாங்கி ஊர் சேர்த்தவர் எல்கானோ.

கிராம்பு மூட்டையை இரவல் தந்த மளிகைக்கடை அண்ணாச்சிக்கும், இரவோடு இரவாகப் பலகைகளை அச்சிட்டுத் தந்த தம்பிகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவினர்