முதல் போன் வீட்டுக்குப் போகட்டும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரையின் மீனவர் சங்கத் தலைவர்களான அண்ணன்மாருக்கும் சித்தப்பாமாருக்கும் வணக்கம்.

பிரஷர் மிஷினைத் தூக்கிக்கொண்டு உங்கள் தெருக்களில் வீடு வீடாக வருகிற பெண் நான். மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர். என் வீட்டுக்காரரும் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு அக்கா ஒருவருக்குப் பார்த்தேன். மேல் அளவு 168 காட்டியது. மிஷின் கோளாறோ என்று அடுத்த கையிலும் பார்த்தேன், அதேதான். மகன் கடலில். மடியில் போன். அதில் யாரோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்: "நம்ம படகு ஒண்ணை இலங்கை நேவி பிடிச்சுட்டானாம்." எந்தப் படகு, எந்த ஊர், ஒன்றும் இல்லை. அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் போனபோது மகன் திண்ணையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அக்காவுக்கு 142. அதே மாத்திரை, அதே கருவாட்டுக் குழம்பு.

இரண்டு அளவை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது, சரி. ஆனால் பயம் உடம்பில் என்ன செய்யும் என்பது தெரிந்த விஷயம். அட்ரினலின் சுரக்கும், துடிப்பு ஏறும், இரத்தக் குழாய் இறுகும். ஆபத்து போனதும் எல்லாம் தணிய வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் படகு போகிற வீட்டில் அது முழுசாகத் தணிய எங்கே நேரம்? தூக்கம் கெடுகிறது. ஆம்பளைகளுக்கு அப்புறம் பீடி, பாட்டில். இந்தியா உட்பட 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை வைத்துச் செய்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. புகை, சர்க்கரை, கொழுப்பு இருக்கும் வரிசையில் மன உளைச்சலையும் அது வைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது, நம் கரைக்குச் சட்டென்று புரியும். திடீர் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை அடிப்பக்கம் உப்பி, மேல்பக்கம் பானைக் கழுத்து மாதிரி சிறுத்துப் போகும். ஜப்பான் மருத்துவர்கள் அதற்கு 1990இல் வைத்த பெயர் டகோட்சுபோ. அவர்கள் ஊரில் பேய்க்கணவாய் பிடிக்கக் கடலில் இறக்கும் பானையின் பெயர் அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. குழாயில் அடைப்பு இருக்காது, பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் வரும்போது மாரடைப்பு மாதிரியே நெஞ்சைப் பிடிக்கும். வித்தியாசம் ஆஸ்பத்திரியில்தான் தெரியும், ஆகவே வீட்டில் சோடா குடித்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

மாத்திரையை விட்டுவிட்டு மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வட்டிக்காரன் வாசலில் நிற்கிற வீட்டில் போய்த் தியானம் சொன்னால் மிஷினைப் பிடுங்கி எறிவார்கள். எறியவும் வேண்டும். எல்லைப் பிரச்சினையைத் தீர்ப்பதும் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிற ஒன்றைத்தான் கேட்கிறேன்.

கடலில் ஏதாவது நடந்தால் வாக்கிடாக்கியில் சேதி முதலில் உங்களுக்குத்தான் வருகிறது. படகு எண் தெரிந்த உடனே அந்த வீடுகளுக்கு ஒருவர் போன் செய்யட்டும், அல்லது நடந்தே போகட்டும். "உங்க படகு இல்லை" என்று மற்ற வீடுகளுக்கும் சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தைக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானே உட்கார்ந்திருக்கிறேன். அதுவரை குரூப்பில் யாரும் வாய்ஸ் மெசேஜ் போடக் கூடாது என்று சங்கம் சொன்னால் ஊர் கேட்கும். நான் சொன்னால் கேட்காது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாள்தான் விசைப்படகு ஆம்பளைகள் எங்கள் கையில் சிக்குகிற காலம். படகுக்கு மராமத்து நடக்கிற இடத்தில் ஒரு மேசை போட இடம் கொடுங்கள். இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் தங்கள் பிரஷரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். மிஷினோடு வருகிறேன். முதல் கை தலைவர்களுடையதாக இருந்தால் மற்றவர்கள் நழுவ மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்