எண் கட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வாசகர் கடிதங்களைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். மூன்று மாதமாக நீங்கள் போட்டுவரும், எழுத்துக்குப் பதில் எண்களை நிரப்பும் எண் குறுக்கெழுத்து வேண்டாம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்தால் அங்கேயும் கணக்குப் பாடமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிறுத்துவது பற்றி யோசிப்பதாக நீங்களும் பதில் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

நானும் சொல் கட்டத்துக்கு ஆசைப்பட்டு உங்கள் இதழை வாங்க ஆரம்பித்தவள்தான். முப்பது வருடமாகப் போடுகிறேன். எங்கள் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் தமிழ் பிடிக்கும், கணக்கு வராது என்றுதான் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுக்கியதற்காக ஒரு பீரியட் முழுக்க பெஞ்சு மேல் நின்றேன். பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டு என்பது இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்காமல் வராது. கடிதம் எழுதியவர்களில் பாதிப் பேருக்காவது இப்படி ஒரு பெஞ்சு இருக்கும். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபம் அந்த வகுப்பறை மேல் வரவேண்டியது. கணிதத்தின் மேல் வருவது நியாயமில்லை. ஏனென்றால் நாம் வாராவாரம் பென்சிலும் ரப்பருமாகச் செய்துகொண்டிருப்பதே கணிதம்தான்.

எப்படி என்று சொல்கிறேன். தமிழ்க் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. க ஒரு கட்டம், கா ஒரு கட்டம், க் ஒரு கட்டம். மொத்தம் 247 எழுத்து. ஒரு வெற்றுக் கட்டத்தில் 247-இல் எது வேண்டுமானாலும் வரலாம் என்றால் மனிதர் யாராலும் போட முடியாது. நாம் போடுகிறோம், எப்படி? எண் போட்ட கட்டத்தில் ஒரு சொல் தொடங்குகிறது, புள்ளி எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது, ஆய்தத்திலும் தொடங்காது. அங்கேயே 19 எழுத்து கழிந்துவிடுகிறது. அ, ஆ, இ என்று உயிர் எழுத்து வந்தால், ஓசையை நீட்டி எழுதும் அளபெடையை விட்டுவிட்டால், அது சொல்லின் முதலில்தான் நிற்கும். அதனால் ஒரு சொல்லின் நடுவில் உயிரை எழுதியிருந்தோம் என்றால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம், ரப்பரை எடுக்க வேண்டியதுதான். க், ச், த், ப் வந்துவிட்டால் அடுத்த கட்டத்திலும் அதே வரிசை: பக்கம், பச்சை, பத்து, உப்பு. சக்தி, பக்தி மாதிரி வடசொற்கள் மட்டும் இதில் அகப்படாது. ங் வந்தால், அங்ஙனம், இங்ஙனம் மாதிரி சில சொற்களை விட்டுவிட்டால், அடுத்தது க வரிசை, அதிலும் க முதல் கௌ வரை 12 எழுத்து. 247-இல் ஆரம்பித்து 12-க்கு வந்துவிட்டோம். குறிப்பை இன்னும் படிக்கவே இல்லை!

இலக்கணத்தில் இதற்கு மொழிமுதல் எழுத்து, மெய்ம்மயக்கம் என்று பெயர். பள்ளியில் மனப்பாடம் செய்ததை நாம் யாரும் இப்போது நினைவு வைத்துக்கொண்டு போடுவதில்லை, கை தானாகப் போடுகிறது. எது வராது என்று தள்ளித் தள்ளி, வருவது ஒன்றே ஒன்று என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோமே, அதற்கு வேறென்ன பெயர் வைப்பது? நம் பேச்சிலேயே இது இருக்கிறது. மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன் என்று சொல்லும்போது யாரும் கூட்டல் கழித்தலைச் சொல்வதில்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் தகவல் தொடர்பின் கணிதம் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார். இன்றைய தொலைபேசி, கணினி எல்லாவற்றுக்கும் அடிப்படை அது. அதற்குள் அவர் குறுக்கெழுத்தைப் பற்றியும் பேசுகிறார். எந்த எழுத்தை எப்படி அடுக்கினாலும் அது ஒரு சொல்லாகிவிடும் என்று ஒரு மொழி இருந்தால், அதில் கட்டத்தை எப்படி நிரப்பினாலும் குறுக்கெழுத்து ஆகிவிடும், புதிரே இருக்காது. கட்டுப்பாடு மிக அதிகமான மொழியில் பெரிய கட்டம் கட்டவே முடியாது. இரண்டுக்கும் நடுவில், மொழியின் சுமார் பாதி கட்டுப்பாட்டில் இருந்தால் பெரிய குறுக்கெழுத்து ஒருவாறு முடியும் என்றும், மூன்றில் ஒரு பங்குதான் கட்டுப்பாடு என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஓடும் குறுக்கெழுத்தே முடியும் என்றும் சொல்கிறார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் பொழுதுபோக்கு என்று நினைத்தது ஒரு மொழிக்குள் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்பதற்கான அளவுகோல்!

சுடோகு வந்தபோது நடந்ததும் எனக்கு வருத்தம்தான். 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் அதை வெளியிட ஆரம்பித்தது, அடுத்த வருடம் உலகம் முழுக்கப் பரவியது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்களைப் பார்த்து வாசகர்கள் மிரண்டுவிடக் கூடாது என்று பல பத்திரிகைகள் கட்டத்துக்கு மேலேயே கணக்குத் தெரிய வேண்டியதில்லை என்று போட்டன. கூட்டத் தெரிய வேண்டியதில்லை, சரி. ஆனால் அது கணக்கே இல்லை என்று ஆகிவிடுமா? ஒரே விடை வருவதற்குக் குறைந்தது 17 எண்களாவது கொடுத்தாக வேண்டும், 16 கொடுத்தால் போதாது என்று 2012-இல் டப்ளினில் ஒரு கணிதக் குழு கணினியை வைத்துச் சோதித்துக் காட்டியது. அத்தனை ஆழமான ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, பயப்படாதே இது கணக்கு இல்லை என்று சொன்னால், கணக்கென்றால் பயப்படத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிறது. நீங்களும் அந்த வழியில் போய்விடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இங்கிலாந்திலும் இந்தச் சண்டை உண்டு. லிஸனர் என்ற இதழில் 1930-இல் தொடங்கிய குறுக்கெழுத்து, அந்த இதழ் நின்ற பிறகு 1991 முதல் டைம்ஸில் வாராவாரம் வருகிறது. மிகக் கடினமான கட்டம் என்று பெயர் எடுத்தது. வருடத்தில் நான்கு வாரம் மட்டும் சொல்லுக்குப் பதில் எண் கட்டம் போடுவார்கள். அந்த நான்கு வாரமும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த நான்குக்காகவே காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நிறுத்தவில்லை.

இப்போது என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 84. எட்டாவதோடு படிப்பு நின்றது. உங்கள் சொல் கட்டத்தை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார். எண் கட்டம் வந்த முதல் மாதம் அந்தப் பக்கத்தை அப்படியே என்னிடம் நீட்டி, "இது கணக்குடி, எனக்கு வராது" என்றார். நான் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் ஆறே ஆறு கட்டம் போட்டேன். மேலே மூன்று, கீழே மூன்று. மேல் வரிசைக்குக் குறிப்பு: மூன்று இலக்கக் கன எண், திருப்பிப் படித்தாலும் அதேதான்.

"கன எண்ணுன்னா?"

"ஒரே எண்ணை மூணு தடவை பெருக்கறது பெரியம்மா. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு, இன்னொரு அஞ்சால பெருக்கினா நூத்தி இருபத்தஞ்சு."

அவரே ஓரத்தில் எழுதினார்: 125, 216, 343, 512, 729. ஆயிரத்துக்குக் கீழே மூன்று இலக்கத்தில் ஐந்துதான் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தவர், "விகடகவி மாதிரியா?" என்றார். 343 என்று எழுதினார். முதல் நெடுக்குச் சொல், அதாவது எண், 3-இல் தொடங்கும் இரண்டு இலக்க வர்க்கம், அதாவது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கியது: 36. நடுவில் 4-இல் தொடங்கும் வர்க்கம்: 49. கீழ் வரிசை இப்போது 69, அப்புறம் ஒரு வெற்றுக் கட்டம். அந்த வரிசையும் பகா எண், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாதது, கடைசி நெடுக்கும் பகா எண். நெடுக்கு 31 அல்லது 37. அப்படியென்றால் கீழே 691 அல்லது 697. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 697-ஐ 3-ஆல் வகுத்தார், 7, 11, 13 என்று போனார். எதிலும் மீதி நின்றது. 17-க்கு வந்தபோது, "நாப்பத்தொண்ணு தடவை போறதுடி" என்றார். 697 அடிபட்டது. கடைசிக் கட்டத்தில் 1 எழுதியபோது, சொல் கட்டத்தில் பிடிபடாத சொல் பிடிபட்டால் அவர் நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வாரே, அதே மாதிரி கடித்துக்கொண்டார். அடுத்த மாதம் பக்கத்தை என்னிடம் நீட்டவில்லை.

சரி, எதிர்த்து எழுதியவர்கள் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. முதல் கட்டமே பத்துக்குப் பத்தாக வந்தது, அது அதிகம். பகா எண், வர்க்கம், கனம், முக்கோண எண் எல்லாம் குறிப்பில் வந்தன, எங்கேயும் விளக்கம் இல்லை. பள்ளியை விட்டு நாற்பது வருடம் ஆனவருக்கு முக்கோண எண் எப்படி நினைவிருக்கும்? 1, 3, 6, 10 என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். விடையை மட்டும் போட்டீர்கள், எந்தக் கட்டத்தில் தொடங்கி எப்படிப் போவது என்று போடவில்லை. சொல் கட்டத்தில் விடையைப் பார்த்தாலே அட என்று புரிந்துவிடும். எண்ணில் அப்படி இல்லை, வழி தெரிந்தால்தான் ருசி.

அதனால் என் வேண்டுகோள் இது. மாதம் ஒரு தடவை போதும். நாலுக்கு நாலில் தொடங்குங்கள். குறிப்பில் வரும் எண் வகைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் விளக்கம் கொடுங்கள். அடுத்த இதழில் விடையோடு முதல் நான்கு படிகளையும் போடுங்கள். கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிடுங்கள், ஓரத்தில் எழுதிப் பார்க்க இடம் விடுங்கள். காலண்டர் தாளில் நான் கட்டிய நாலுக்கு நாலு கட்டங்கள் மூன்று இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மூன்றையும் பெரியம்மா போட்டுப் பார்த்துவிட்டார். இரண்டாவதில் மேலிருந்து கீழ் 3-க்கு இரண்டு விடை வருவதை அவர்தான் கண்டுபிடித்தார், குறிப்பைத் திருத்தியிருக்கிறேன். உபயோகப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகி,
கும்பகோணம்