கருப்பட்டியும் சர்க்கரைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் சமையல் பகுதியில் வந்த கருப்பட்டி அதிரசம் குறிப்பைப் படித்தேன். பாகுப் பதம் சொல்லியிருந்த விதம் அருமை. ஆனால் மேலே கட்டம் கட்டி 'சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம்' என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். எங்கள் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், பத்திரிகையில் அச்சாகி வந்தால் அதை அப்படியே நம்புகிறவர். அவரைப் போல எத்தனையோ பேர் அந்தக் கட்டத்தைப் படித்திருப்பார்கள்.

வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். சிறுகுடலில் அது பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் என்று உடைகிறது, அந்தக் குளுக்கோஸ்தான் ரத்தத்தில் ஏறி, சர்க்கரை பார்க்கிற மீட்டரில் தெரிகிறது. சரி, கருப்பட்டியில் என்ன இருக்கிறது? பதநீரைக் காய்ச்சினாலும் கரும்புச்சாற்றைக் காய்ச்சினாலும் கடைசியில் கட்டியாக நிற்பதில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாமே அப்படித்தான். உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு இல்லை, கொஞ்சம் தாது உப்புகளும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மீட்டருக்கு மணம் தெரியாது. போதாக்குறைக்கு அதிரசத்தில் பாதிக்கு மேல் பச்சரிசி மாவு, அந்த மாவும் வயிற்றுக்குள் குளுக்கோஸாகத்தானே மாறப்போகிறது?

எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒப்பிட, டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால் சாதாரண சர்க்கரை 65-ஐ ஒட்டி வரும், தேன் வகைக்கு வகை மாறினாலும் பொதுவாக 60-ஐ ஒட்டித்தான், பாலில் இருக்கும் லாக்டோஸ் 45 வாக்கில், ஃப்ரக்டோஸ் 25-க்கும் கீழே. அப்படியானால் ஃப்ரக்டோஸ் நல்லதாச்சே என்று தோன்றும். அது பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்விடுவதால்தான் மீட்டரில் ஏறுவதில்லை, அளவு மீறினால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும், கல்லீரலில் கொழுப்பு சேரும். பழத்தை முழுதாகச் சாப்பிடுவதை நான் சொல்லவில்லை, அதில் நார்ச்சத்து இருக்கிறது.

சர்க்கரையின் வகை உண்மையிலேயே உயிர் காக்கிற இடம் ஒன்று உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ரத்தச் சர்க்கரை ரொம்பக் குறைந்து லோ சுகர் ஆகி, வியர்த்துக் கை நடுங்கும்போது வேண்டியது வேகமாக ஏறுகிற சர்க்கரை. சுமார் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். சாக்லேட் கொடுத்தால் அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். அதைவிட முக்கியம், அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற நீரிழிவு மாத்திரைகள் போடுகிறவர்கள். சுக்ரோஸை உடைக்கிற நொதியைத்தான் அந்த மாத்திரைகள் தடுக்கின்றன, அதனால் அவர்களுக்கு லோ சுகர் வந்தால் சீனியோ கருப்பட்டியோ கொடுத்தாலும் சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸாகவே கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைக்கிற பொட்டலம்தான், வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று சொல்ல ஆள் இல்லை.

2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) INDIAB என்ற நீரிழிவு ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. உங்கள் வாசகர் வீடுகளில் பாதிப் பேர் வீட்டிலாவது ஒருவர் இருப்பார் என்றுதான் நினைக்கிறேன். தேனாகட்டும் வெல்லமாகட்டும், 'நோயாளிகளுக்கு ஏற்றது' என்ற வரி மட்டும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு அதிரசத்தில் எத்தனை கிராம் இனிப்பு, எத்தனை கிராம் மாவு என்று போடுங்கள், சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அவர்களும் அவர்கள் டாக்டரும் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம், அடுத்த இதழிலேயே அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள், தீபாவளிப் பலகாரம் சுடுவதற்கு முன்னால் அது வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நாகர்கோவில்