மகளுக்கு, தைப்பூசத்துக்கு முன்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கே மாப்பிள்ளையும் பேத்தியும் நலந்தானே? போனில் நான் பேசினால் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். உன்மேல் குறையில்லை, கண்ணு. நேரில் சொல்ல வாய் வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2011 டிசம்பர் 30. தானே புயல் அடித்து ஓய்ந்ததும் தோப்புக்கு ஓடினேன். நீயும் பின்னாலேயே வந்தாய். உன் தாத்தா கொட்டை ஊன்றி வளர்த்த முந்திரி, மூன்று ஏக்கரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வேர் வானம் பார்க்கக் கிடந்தது. வரப்போரத்துப் பலா இரண்டும் போயின. நான் அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தால், ஓடு பறந்த அறையில் நனைந்த விலங்கியல் புத்தகத்தை அடுப்பு மேட்டில் வைத்து, தாள் தாளாகப் பிரித்து நீ உலர்த்திக்கொண்டிருக்கிறாய். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதச் சொச்சம்தான் இருந்தது.

அந்தப் படிப்பைக் கெடுத்தது புயல் அல்ல. நான்தான்.

பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ பேருடைய தோப்பு விழுந்தது. அவர்கள் எல்லாரும் குடிக்கவில்லை. நான் குடித்தேன். ஊர் முழுக்க விறகு குவிந்து கிடந்ததால் வாங்க வந்தவன் சொன்னதே விலை. தாத்தாவின் மரங்களை அடிமாட்டு விலைக்குக் கொடுத்து, அந்தக் காசையும் குடித்தேன். பிறகு வட்டிக்கு வாங்கினேன். அம்மா கொட்டை உடைக்கப் போனாள். தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். நல்ல மதிப்பெண் வாங்கிய உன்னை நர்சிங்கில் சேர்க்காமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவைத்தேன். பஸ் ஏறும்போது நீ அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. கடன் கொடுத்தவர் வாசலில் நின்று அம்மாவைத் தகாத வார்த்தை பேசினார். மறுநாள் வடலூர் பஸ்ஸில் ஏறினேன். வீடு திரும்பும் எண்ணம் இல்லை. அதற்கு மேல் எழுத வேண்டாம், உனக்கே புரியும். இறங்கி நடந்த வழியில், பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறு போடும் வள்ளலாரின் தருமச்சாலை. முந்தின நாளிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லாததால் கால் தானாக உள்ளே போயிற்று. என்மேல் குடி வாடை அடித்தது. எந்த ஊர், என்ன சாதி, ஏன் இந்தக் கோலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா, ஐயா?" என்று மட்டும் கேட்டார்கள். மூன்று முறை வைத்தார்கள்.

சாப்பிட்டு எழுந்து அடுப்பைப் பார்த்தேன். 1867-இல் வள்ளலார் தொடங்கிவைத்தது, இன்றுவரை அணையாதது என்று சிறுவயதிலிருந்து கேட்டதுதான். அன்று அதில் எரிந்தது முந்திரிக் கட்டை. பட்டையைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா? நான் விற்றுக் குடித்த அதே கட்டை, அங்கே யார் யார் பசிக்கோ சோறு வேகவைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, விறகு சுமந்தவர்களோடு சேர்ந்து நானும் சுமந்தேன். இரவு கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அன்றோடு திருந்திவிட்டேன் என்றால் பொய். இரண்டு முறை மறுபடி குடித்தேன். அம்மாதான் மாதப்பூசம் தவறாமல் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவர்தாம் உள்ளே வரலாம் என்பது அங்கே வள்ளலார் கட்டிய சத்திய ஞான சபையின் விதி. பல மாதம் வெளியே நின்றே கும்பிட்டேன். மீன் இல்லாமல் சோறு இறங்காத உன் அப்பன் மீனை விட்டான். குடியை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜீவகாருண்யம் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்காது. வயிற்றின் வழியாக விளங்கியது.

ஒரு ஏக்கரை விற்றுக் கடனை அடைத்தேன். மீதியில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ-3 ரக முந்திரி ஒட்டுக்கன்று, 7 மீட்டருக்கு ஒரு குழியாக நட்டேன். மூன்றாம் வருடமே காய்த்தது. அந்தப் பணத்தில் தருமச்சாலைக்கு ஒரு மூட்டை அரிசி போனது. கொஞ்சம் உன் பெயரில் தபால் ஆபீசில் போட்டேன். வருடா வருடம் போட்டுவருகிறேன். உன் படிப்புக்கு அது ஈடாகாது, தெரியும். பேத்தி என்ன படிக்க ஆசைப்பட்டாலும் படிக்கட்டும்.

தைப்பூசம் வருகிறது. ஏழு திரை நீக்கிக் காட்டும் முதல் ஜோதி காலை 6 மணிக்கு. கூட்டம் தாங்காது, முந்தின இரவே வந்துவிட்டால் நல்லது. சபைக்கு வர மனமில்லை என்றாலும் வீட்டுக்கு வா. தோப்பு முழுக்கப் பூத்திருக்கிறது. என்னோடு பேச வேண்டும் என்றுகூட இல்லை.

அந்த விலங்கியல் புத்தகம் பரணில் இருக்கிறது. தாளெல்லாம் அலை அலையாக உப்பி, மூடினாலும் மூடாது. பழைய பேப்பர்காரனுக்குப் போட அம்மா இரண்டு முறை எடுத்தாள். நான் விடவில்லை.

அப்பா