பாலிஷ் மட்டும் வேண்டாம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். என் முழங்கால் வலி இப்போது தேவலை. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

இத்தாலிய நகைக்கடை புச்செல்லாத்தியின் அந்த ப்ரூச்சை, அதாவது உடையில் குத்திக்கொள்ளும் அந்த ஊசி நகையை, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்; தாராளமாக வாங்கு. ஆனால் தங்கம் மங்கியிருக்கிறது, பாலிஷ் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பதறிவிட்டேன். அது அழுக்காகவே இருக்காது. 1919இல் மாரியோ புச்செல்லாத்தி மிலானில் கடை திறந்த காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பேர் வாங்கித் தந்ததே இந்த வேலைப்பாடுதான். தங்கத்தின் மேல் சிற்றுளியால் நெருக்க நெருக்கமாகக் கோடு இழுப்பார்கள். ரிகாத்தோ என்று பெயர். அதில் வெளிச்சம் பட்டால் கண்ணைப் பறிக்காது, பட்டுப்புடவை போல அடக்கமாக மினுங்கும். பாலிஷ் சக்கரத்தில் ஒருமுறை பிடித்தால் கோடுகள் தேய்ந்துவிடும். அப்புறம் தங்கத்தின் விலைதான் மிஞ்சும்.

ஓரத்தில் வலை மாதிரி வேலை இருந்தால் லென்ஸ் வைத்துப் பார். தகட்டைத் துளைத்து, மெல்லிய ரம்பத்தால் ஒவ்வொரு கண்ணாகக் கையால் அறுத்திருப்பார்கள். அச்சில் வார்த்தது என்றால் எல்லாக் கண்ணும் ஒரே அச்சாக, விளிம்பு மழுங்கி இருக்கும். நான் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். யார் கண்ணிலும் படாத இடத்தில் கூட வேலை சுத்தமாக இருந்தால் மனசு நிறைந்துவிடும்.

வைரம் ரோஸ் கட் என்கிறாய். அடி தட்டையாக, மேல்பக்கம் குவிந்து பட்டைகளோடு இருக்கும். இன்றைய பிரில்லியண்ட் கல் அளவுக்கு அது ஜொலிக்காது. அதைக் குறையாகச் சொல்லி மாற்றிக் கட்டச் சொல்வார்கள், சம்மதிக்காதே. இந்த மாதிரி தங்கத்துக்கு அந்த மென்மையான ஒளிதான் பொருத்தம்.

முத்திரையையும் பார்த்துக்கொள். 750 என்றால் 18 காரட். 1968க்குப் பிறகு இத்தாலியில் செய்ததென்றால் பெரும்பாலும் நட்சத்திரக் குறியும் ஓர் எண்ணும் மாகாணத்தின் எழுத்துகளும் இருக்கும்.

2019இல் ரிஷ்மோன் என்ற சுவிஸ் ஆடம்பரப் பொருள் குழுமம் புச்செல்லாத்தி நிறுவனத்தை வாங்கியபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மாரியோவின் பேரன் ஆந்திரியா வடிவமைப்பைப் பார்த்துக்கொள்வதில் கொஞ்சம் ஆறுதல்.

கழுவ வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். கல்லின் பின்புறம் மூடியிருந்தால் தண்ணீரில் ஊற விடாதே. பணம் கொடுக்கும் முன் பின்பக்கத்தையும் ஊசிக் கொக்கியையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. கொக்கியைப் பிற்பாடு பற்றவைத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அன்புடன்,
கமலா