காலிப் பட்டியலை அனுப்பாதீர்கள்: பிளகின் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மீன் இறங்குதளங்களின் வரத்துக் கணக்கைத் தரும் ஜாவா பிளகினை (துணை நிரலை) எழுதுபவர்கள் நீங்கள். அதைக் கூப்பிடும் ஆப்பை மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுபவன் நான். ஒரே கோரிக்கை: யூ.ஆர்.எல்.லில் (இணைய முகவரியில்) பாராமீட்டர், அதாவது தேதி, ஊர் போன்ற விவரம், வராவிட்டாலோ தப்பாக வந்தாலோ, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தேதியைக் குவெரி பாராமாக (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் மதிப்பாக), சாதாரண இன்ட் வகையில் (காலியாக இருக்க முடியாத எண்ணாக) வாங்குகிறீர்கள். அது விடுபட்டால், ஜாவாவில் இணையச் சேவை எழுத உதவும் ஜாக்ஸ்-ஆர்எஸ் பிழை காட்டாது. பூஜ்யத்தை வைத்துக்கொண்டு மேலே போய்விடும். பூஜ்யத் தேதிக்கு ஏது மீன்? 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்ற பதிலோடு காலிப் பட்டியல் வருகிறது. மற்ற நாளில் என்றால் யாராவது சந்தேகப்படுவார்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இங்கே மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வரத்து காலியாக இருப்பதுதான் அப்போது சரியான பதில். இது தடையால் வந்த காலியா, தேதி விடுபட்ட காலியா என்று ஏலத்துக்கு வரும் வியாபாரி எப்படிக் கண்டுபிடிப்பார்?

இன்ட்டை, காலியாகவும் இருக்கக்கூடிய இன்டீஜர் வகை ஆக்கினால் பூஜ்யத்துக்குப் பதில் நல் (மதிப்பே இல்லை என்ற அடையாளம்) கிடைக்கும். அதைப் பார்த்து 400, அதாவது ‘கேள்வி தவறு’ என்ற பதிலை அனுப்பலாம். டிஃபால்ட் வேல்யூவில் (விடுபட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பில்) இன்றைய தேதியைப் போடலாமே என்று தோன்றும். முடியாது, அதை எழுதும் அனோட்டேஷனுக்குள் (நிரலில் @ போட்டு எழுதும் குறிப்புக்குள்) மாறாத மதிப்புதான் போகும்.

எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் 404, அதாவது ‘அப்படி எதுவும் இல்லை’ என்ற பதில் போகிறது. அது ஜாக்ஸ்-ஆர்எஸ் விதி, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 404-ஐப் பார்ப்பவர், தன் ஊரே கணக்கில் இல்லை என்றல்லவா நினைப்பார்? ஸ்டிரிங்காக (எழுத்துத் தொடராக) வாங்கி நீங்களே எண்ணாக மாற்றிப் பாருங்கள். மாறாவிட்டால் எந்தப் பாராமீட்டர் என்று பெயர் சொல்லி 400 கொடுங்கள்.

அப்புறம், ஊர்ப்பெயர். அதைப் பாத் பாராமாக (முகவரியின் பாதையிலேயே வரும் மதிப்பாக) வைத்திருக்கிறீர்கள். நீங்கள் தந்த மாதிரி நிரலில் இருக்கும், எழுத்துகளை முகவரிக்கு ஏற்ப மாற்றும் யூஆர்எல்என்கோடர், இடைவெளியைக் கூட்டல் குறியாக்கும். குவெரியில் அது மறுபடி இடைவெளியாகிவிடும். பாத்தில் கூட்டலாகவே நிற்கும். இடைவெளி இல்லாத தொண்டி, மண்டபம் என்று சோதித்தால் தெரியாது. பாம்பன் தெற்குவாடி என்று கேட்டுப் பாருங்கள், சிக்கிக்கொள்ளும். ஜாக்ஸ்-ஆர்எஸ்ஸின் யூஆர்ஐபில்டர் இதைச் சரியாகச் செய்யும். அதைவிட ஊருக்கொரு குறியீடு நல்லது. முகவரியில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறியிட்ட குறியீடுகளாக மாறுவதால், பாம்பன் என்ற நாலெழுத்தே 63 எழுத்தாக நீள்கிறது, லாகில் (நிரலின் பதிவேட்டில்) கண்ணால் படிக்க முடிவதில்லை.

தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முன் அந்த 400 மட்டுமாவது வந்துவிட வேண்டும். குறியீடு பிறகு வரட்டும்; தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை பட்டியலை நானே தயார்செய்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் எண்ட்பாயிண்டைத் தினமும் தட்டும் ஒருவன்