பட்டனில் தொடங்கு

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் பள்ளிக் கபடி அணியில் சேர்ந்து, முழங்கால் முழுக்கக் காயத்தோடு உற்சாகமாகத் திரிகிறாள்.

உங்கள் வலைச் செயலிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு காம்பொனென்ட் லைப்ரரி, அதாவது பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்புகளின் தொகுப்பு, உருவாக்கப்போவதாகவும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். பட்டனில் தொடங்கு. குழுவில் இருப்பவர்கள் காலண்டர், அட்டவணை என்று பெரியவற்றில் கைவைக்கத்தான் ஆசைப்படுவார்கள். இணங்கிவிடாதே.

பல செயலிகளில் டிவ் என்ற வெறும் பெட்டிக்கு நிறம் பூசி, கிளிக் செய்தால் இயங்கும்படி வைத்துவிடுகிறார்கள். மவுஸ் பிடிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் அது அங்கே நிற்காது. என்டர், ஸ்பேஸ் எதற்கும் அசையாது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அதைப் பட்டன் என்று அறிவிக்காது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் சொந்தப் பட்டன் உறுப்பை எடுத்தால் இத்தனையும் கூடவே வந்துவிடும். எங்கள் குழுவில் பார்வையற்ற சோதனையாளர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். காதில் ஹெட்போனோடு விடுப்பு விண்ணப்பத்தை அவரே நிரப்பி, "அனுப்பு, பட்டன்" என்று குரல் சொன்னதும் தயங்காமல் என்டரைத் தட்டினார். நீ பார்த்திருக்க வேண்டும்! ஓரிடத்தில் பட்டனைச் சரிசெய்தால் அது இருக்கிற அத்தனை திரைகளும் அவருக்குக் கைகொடுக்கின்றன. இந்த வேலையின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததே அதனால்தான்.

அடுத்தது பாப்-அப் பெட்டி. 2022 முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அதற்கான எச்டிஎம்எல் டயலாக் உறுப்பு இயங்குகிறது. அதை மோடலாக, அதாவது மூடும்வரை வேறெதையும் தொடவிடாதபடி, திறந்தால் பின்னால் இருக்கும் பக்கம் முடங்கும், எஸ்கேப் அழுத்தினால் பெட்டி மூடும், மூடியதும் ஃபோகஸ், அதாவது விசைப்பலகை இயக்கும் இடம், பழைய இடத்துக்கே திரும்பும். நாமே எழுத வேண்டியது மிகக் குறைவு.

உங்கள் செயலிகள் தமிழிலும் வருகின்றன அல்லவா? பட்டனுக்கு அகலம், உயரம் எதையும் நிலையாக வைக்காதீர்கள். 'சரி' அடங்கும் இடத்தில் 'உறுதிப்படுத்தவும்' அடங்காது. வரி உயரத்தை எழுத்தளவுக்கே இறுக்கி, மிஞ்சுவதை மறைத்தால் 'கீ'யின் மேல்சுழியும் 'மூ'வின் அடிப்பகுதியும் வெட்டுப்படும். சுற்றிலும் இடைவெளி கொடுத்து, எழுத்தின் நீளத்துக்கே பட்டனை விட்டுவிடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வெளிச்ச மாறுபாடாவது இருக்கட்டும்.

தொல்லை பிறகுதான் வரும். "எங்கள் திரைக்கு மட்டும் மூலையை வளைத்துக் கொடுங்கள்", "எங்களுக்கு மட்டும் ஐகான் வலப்பக்கம்" என்று ஒவ்வொருவராக வருவார்கள். ஆம், இல்லை என்று இருக்கும் விருப்பங்கள் ஐந்து சேர்ந்தாலே ஒரு பட்டனுக்கு 32 வடிவங்கள். அத்தனையையும் யார் சோதிப்பது? இரண்டு மூன்று செயலிகளுக்கு உண்மையிலேயே தேவைப்படும்வரை மறுத்துவிடு. மனக்கசப்பு வந்தாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு உறுப்பையும் தனியே வைத்துப் பார்க்க ஸ்டோரிபுக் என்ற கருவி நன்றாக இருக்கிறது. 2016இல் அதைத் தொடங்கியவர் இலங்கையைச் சேர்ந்த அருணோத சுசிரிபால. இவ்வளவு பக்கத்திலிருந்து கிளம்பிய கருவி என்று அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முதல் பட்டன் தயாரானதும் நிரலை அனுப்பு, வரி வரியாகப் படித்து எழுதுகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா என்று சீக்கிரம் சொல். ரயில் டிக்கெட் தீர்ந்துவிடும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
இளங்கோ